கறிவேப்பிலைக்காகக் கத்தரிக்காய் வாங்கலாமா? ஸ்வீப்ஸ்டேக்ஸ் காசினோ, ஸ்போர்ட்ஸ்புக், கணிப்புச் சந்தை: ஓர் ஒப்பீடு

டெக்சஸ் மாநிலம் இர்விங்கில் இருக்கும் தம்பி ஒருவன், மேஜர் லீக் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். டெக்சஸ் சூப்பர் கிங்ஸ் ஆட்டம். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் மைனஸ் 120, இன்னொன்றில் மைனஸ் 110. அதற்கு மேலே மஞ்சளும் ஊதாவுமாக மின்னும் ஸ்லாட் (படங்களைச் சுழலவிட்டு, பொருந்தினால் காசு தரும் ஆட்டம்) விளம்பரம். "அண்ணா, இது பெட்டிங் இல்லையாம், சோஷியல் ப்ரெடிக்‌ஷனாம். டெக்சஸ்லயும் ஓடுது. போடலாமா?"

இதே கேள்வியை வேறு வேறு ஊர்களிலிருந்து நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். காரணம் இருக்கிறது. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கான கூட்டாட்சித் தடையை நீக்கிய பிறகு, பெரும்பாலான மாநிலங்கள் அதை அனுமதித்துவிட்டன. ஆனால் டெக்சஸ், கலிஃபோர்னியா, ஜார்ஜியா மூன்றும் இன்னும் அனுமதிக்கவில்லை. நம் ஆட்கள் நிறைய இருக்கும் மாநிலங்கள் இவை. அந்த இடைவெளியில் புகுந்தவைதான் இந்தத் தளங்கள்.

## முதலில், இது என்ன சரக்கு?

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விஷயம் சூதாட்டம் ஆக மூன்று சேர வேண்டும்: பரிசு, அதிர்ஷ்டம், கலந்துகொள்ள நாம் கொடுக்கும் விலை. மூன்றாவதை உருவிவிட்டால் அது ஸ்வீப்ஸ்டேக்ஸ். மெக்டொனால்ட்ஸ் கடையில் மோனோபோலி ஸ்டிக்கர் கிழித்துப் பரிசு பார்ப்பது இந்த வகை. எதுவும் வாங்காமலும் கலந்துகொள்ள ஒரு வழி வைத்திருந்தால் போதும்.

காசினோக்காரர்கள் இதையே இரண்டு நாணயமாகப் பிரித்தார்கள். கோல்டு காயின் என்பது வெறும் விளையாட்டுக் காசு, ஒரு பைசா பெறாது. ஸ்வீப்ஸ் காயின் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒரு டாலர் என்று பரிசாக மாற்றிக்கொள்ளக்கூடியது. இரண்டாவதை விற்கவே மாட்டார்கள். பத்து டாலர் கொடுத்து கோல்டு காயின் மூட்டை வாங்கினால், பத்து ஸ்வீப்ஸ் காயின் "இலவசமாக" வரும். காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கொசுறு கொடுப்பதுபோல. என்ன, இங்கே எல்லோரும் கறிவேப்பிலைக்காகத்தான் கத்தரிக்காய் வாங்குகிறார்கள். கத்தரிக்காயை யாரும் வீட்டுக்குக்கூட எடுத்துப் போவதில்லை.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர நிறுவனம் நடத்தும் சம்பா காசினோ இந்த வகையில் பழையது (பெயரைக் கேட்டு நெல் ரகம் என்று நினைத்துவிடாதீர்கள்). ஃப்ளிஃப் இதே இரட்டை நாணயத்தை விளையாட்டுக் கணிப்புக்குக் கொண்டுவந்தது. ஸ்போர்ட்ஸீனோ போன்றவை ஸ்லாட், கணிப்பு இரண்டையும் ஒரே கூரைக்கடியில் வைத்தன. தம்பி அனுப்பியது இந்தக் கடைசி வகை.

## எதை வைத்து எடை போடுவது

விளம்பரம் எதைப் பேசுகிறதோ அதை முதலில் ஒதுக்கிவிடலாம்: வரவேற்பு போனஸ், எத்தனை ஸ்லாட், எத்தனை விளையாட்டு. நான் பார்ப்பது ஐந்து. உள்ளே போன காசு எப்படி வெளியே வரும்? ஒவ்வொரு கணிப்பிலும் கடைக்காரர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்? தகராறு வந்தால் யாரிடம் போய் நிற்பது? வரி, விசா பக்கம் என்ன ஆகும்? கடைசியாக, கிரிக்கெட் கணிப்புக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவில் சுவர் இருக்கிறதா? இந்த ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. என் கணக்கில் அதிகக் காசு போகும் ஓட்டை அதுதான்.

## ஸ்வீப்ஸ்டேக்ஸ் காசினோவும் கணிப்பும்

கடைக்காரர் பங்கிலிருந்து ஆரம்பிக்கலாம். மைனஸ் 120 என்றால் 120 போட்டு 100 ஜெயிப்பது. நட்டப்படாமல் இருக்க 54.5 சதவீதம் சரியாகச் சொல்ல வேண்டும். மைனஸ் 110க்கு 52.4. தம்பி அனுப்பிய படத்தில் இரண்டையும் கூட்டினால் 106.9. நூறுக்கு மேலே நிற்கும் அந்த 6.9தான் கடைக்காரர் பங்கு; 106.9இல் 6.9 என்றால், போடும் காசில் 6.5 சதவீதம். உரிமம் பெற்ற ஸ்போர்ட்ஸ்புக்கில் (மாநில அனுமதியோடு நடக்கும் விளையாட்டுப் பந்தயக் கடை) வழக்கமாகப் பார்ப்பது இரண்டு பக்கமும் மைனஸ் 110, அதாவது 104.8; பங்கு 4.5 சதவீதம். எந்தத் தளமானாலும் ஓர் ஆட்டத்தைத் திறந்து இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இது பெரிய கொள்ளை இல்லை. பத்து காயின் கணிப்பில் சராசரியாக 65 சென்ட் போகும், அதற்கு மூன்று மணி நேர ஆட்டம் பார்க்கலாம். சினிமா டிக்கெட்டைவிட மலிவு. ஆனால் அதே வாலட், அதே காயின், ஒரு விரல் தள்ளினால் ஸ்லாட். நூற்றுக்கு 95 திருப்பித் தரும் ஸ்லாட் என்றே வைத்துக்கொள்வோம். சுழற்சிக்கு ஒரு காயின், நிமிடத்துக்குப் பத்து சுழற்சி என்றால் ஒரு மணி நேரத்தில் 600 காயின் உள்ளே போய் வருகிறது. அதில் ஐந்து சதவீதம், 30 காயின். ஆட்டம் முடிவதற்குள் 90. கணிப்பில் 65 சென்ட் இழக்க எடுக்கும் நேரத்தில் ஸ்லாட் 90 டாலர் தின்னும். இன்னிங்ஸ் இடைவேளை இருபது நிமிடம் என்றால் அதற்கே பத்து டாலர். கணிப்பு இந்தக் கடையின் வாசல் கோலம். வியாபாரம் உள்ளே நடக்கிறது.

அடுத்தது வெளியே வரும் வழி. எடுக்க வேண்டுமானால் குறைந்தபட்சம் 50 அல்லது 100 ஸ்வீப்ஸ் காயின் வேண்டும் என்பது பல தளங்களின் விதி. ஒருமுறையாவது அதை விளையாடித் தீர்த்திருக்கவும் வேண்டும். பத்து காயினோடு ஆரம்பித்தால் அதை ஐந்து மடங்கோ பத்து மடங்கோ ஆக்கினால்தான் கதவு திறக்கும். கடைக்காரர் பங்கே இல்லாத நேர்மையான ஆட்டத்தில்கூடப் பத்து நூறாக ஆகும் வாய்ப்பு பத்தில் ஒன்றைத் தாண்டாது. பங்கு இருக்கும்போது அதற்கும் கீழே. அதாவது எடுக்க நூறு வேண்டும் என்ற தளத்தில் நூறு பேர் பத்து டாலர் கட்டி உள்ளே போனால், தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் எடுக்கும் பொத்தானை அழுத்தும் இடத்துக்கே வருவதில்லை. சில நாட்கள் எட்டிப் பார்க்காமல் விட்டால் காயின் காலாவதியாகும் விதியும் உண்டு. அது எத்தனை நாள் என்று விதிமுறைப் பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

சரி, நூறைத் தாண்டிவிட்டீர்கள். அப்போதுதான் அடையாளச் சான்று கேட்பார்கள். நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று பிரிக்காமல் ஒரே பெயராக வந்தவர்களுக்கு விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று விழும். "முதல் பெயர் தெரியவில்லை" என்று பொருள். அப்புறம் லைசென்ஸில் அப்பா பெயர் பின்னால் வரும், வங்கியில் இனிஷியல் முன்னால் நிற்கும். மனிதர் பார்த்தால் புரியும். முதலில் பார்ப்பது மென்பொருள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நியூ ஜெர்சியில் தடை வருவதற்கு முன்பு ஒரு தளத்தில் 112 காயின் சேர்ந்தது. பெயர் வேண்டாம். எடுக்கப் போட்டேன். லைசென்ஸ் பெயரும் வங்கிப் பெயரும் பொருந்தவில்லை என்று மின்னஞ்சல் வந்தது. மின்சார பில் அனுப்பினேன். படம் தெளிவாக இல்லையாம். பாஸ்போர்ட் அனுப்பினேன்; பரிசீலனையில் இருக்கிறதாம். இப்படி மூன்று வாரம். அத்தனை நாளும் அந்த 112க்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் இருந்தது: ரத்து செய்துவிட்டுத் தொடர்ந்து விளையாடு. இருபதாவது நாள் இரவு, கால்பந்து ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது, அழுத்தினேன். தூங்கப் போகும்போது 31 இருந்தது. கால்பந்தில் தோற்றது பத்துதான்.

மூன்றாவது, தகராறு. இந்தத் தளங்களுக்கு அமெரிக்க மாநிலங்களின் சூதாட்ட உரிமம் கிடையாது. அவர்கள் வாதமே நாங்கள் சூதாட்டம் இல்லை என்பதுதான். எனவே சூதாட்ட ஆணையத்திடம் புகார் என்ற வழியும் இல்லை. விதிமுறையைக் கீழே வரை தள்ளினால் பெரும்பாலும் ஒரு மத்தியஸ்த விதி இருக்கும்: தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் தனியார் நடுவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று.

தரையே நழுவிக்கொண்டும் இருக்கிறது. வாஷிங்டன், ஐடஹோ, மிச்சிகன் மாநிலங்களில் இவை ஏற்கனவே பெரும்பாலும் ஓடவில்லை. 2025இல் மொன்டானா, கனெக்டிகட், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா வரிசையாகச் சட்டம் போட்டன. கலிஃபோர்னியாவின் தடை 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. நியூயார்க் தலைமை வழக்கறிஞர் லெட்டிஷியா ஜேம்ஸ் 2025 ஜூனில் 26 தளங்களுக்கு நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார். அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கேயும் சட்டம் வந்துவிட்டது. ஒரு மாநிலம் மூடும்போது "இந்தத் தேதிக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மின்னஞ்சல் வரும். உங்களிடம் 38 காயின் இருந்து, எடுக்க 50 வேண்டும் என்றால் அந்த மின்னஞ்சல் வந்தும் பயன் குறைவு.

நல்லதையும் சொல்ல வேண்டும். காசு கட்டாமலே கலந்துகொள்ளும் வழி நிஜமாகவே இருக்கிறது. தினமும் உள்ளே நுழைந்தால் சில்லறையாகக் காயின் தருவார்கள். அட்டையில் கையால் எழுதித் தபாலில் அனுப்பினாலும் தருவார்கள். ஸ்டாம்ப் நம் செலவு, உறை மேலும் கையெழுத்தில், ஒரு வார்த்தை பிசகினால் குப்பைத் தொட்டி. ஓசியில் வந்த காயினைக் கணிப்பில் மட்டும் போட்டு, ஸ்லாட் பக்கம் திரும்பாமல் இருக்க முடிகிறவருக்கு இது நல்ல பொழுதுபோக்குதான். அப்படிப்பட்டவரை நான் இதுவரை ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் ஆடிட்டர்.

## உரிமம் பெற்ற ஸ்போர்ட்ஸ்புக்

ஃபேன்டூயல், டிராஃப்ட்கிங்ஸ் வகை. இங்கே நேரடியாக டாலர். நாணய நாடகம் இல்லை. எடுப்பதற்குப் பெரிய தொகை சேர வேண்டும் என்ற தொல்லை இல்லை. நியூ ஜெர்சி என்றால் சூதாட்ட அமலாக்கப் பிரிவு என்ற அரசு அமைப்பு மேலே உட்கார்ந்திருக்கிறது, புகார் கொடுக்கலாம். இனி என்னை உள்ளே விடாதே என்று நாமே எழுதிக்கொடுத்தால், மாநிலத்தின் எல்லாத் தளங்களும் ஓராண்டோ ஐந்தாண்டோ கதவைச் சாத்தும். பெரும்பாலான மாநிலங்களில் வயது 21.

மறைந்திருக்கும் செலவு பார்லேயில் இருக்கிறது. நாலு ஆட்டத்தைக் கோத்து ஒரே டிக்கெட்டாகப் போடச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொன்றும் மைனஸ் 110 என்றால், தனித்தனியாகப் போட்டால் 4.5 சதவீதம் போகும்; கோத்தால் 17 சதவீதம். போனஸ் பெட் என்று தருவதில் ஜெயித்தாலும் போட்ட தொகை திரும்ப வராது, லாபம் மட்டும்தான். கிரெடிட் கார்டை ஏற்கும் தளத்தில் அதை வைத்துக் கட்டினால் பல வங்கிகள் அதை ரொக்க முன்பணமாகக் கணக்கில் வைத்து அன்றிலிருந்தே வட்டி போடும். தொடர்ந்து ஜெயித்தால்? உங்கள் பந்தய வரம்பை ஏழு டாலர், எட்டு டாலர் என்று சுருக்கிவிடுவார்கள். இது ஊரறிந்த குறை.

சுவர் விஷயத்தில் மாநிலத்தைப் பார்க்க வேண்டும். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மிச்சிகன் போன்ற சில மாநிலங்களில் ஆன்லைன் காசினோவும் சட்டப்படி உண்டு, அதே செயலியில் அதுவும் இருக்கும். அங்கே நான் மேலே சொன்ன ஓட்டை இதற்கும் பொருந்தும். நியூயார்க்கில் ஸ்போர்ட்ஸ்புக் மட்டும்தான். டல்லாஸ்காரருக்கு இது எதுவும் இல்லை. மூன்று மணி நேரம் ஓட்டி லூசியானா எல்லையைத் தாண்டினால்தான் செயலி திறக்கும். பெட்ரோல் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

## கணிப்புச் சந்தை

கால்ஷி இதில் பெரிய பெயர். கூட்டாட்சி அரசின் சரக்கு முன்பேரச் சந்தை ஆணையத்தின் கீழ் நடக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து விளையாட்டையும் எடுத்துக்கொண்டது. 18 வயது போதும். இந்த அணி ஜெயிக்கும் என்ற ஒப்பந்தம் 55 சென்ட் என்றால், ஜெயித்தால் ஒரு டாலர், தோற்றால் பூஜ்யம். நடுவில் விலை ஏறினால் பங்கு விற்பதுபோல விற்றுவிட்டு வெளியே வரலாம். டெக்சஸிலும் ஓடுகிறது. ஸ்லாட் கிடையாது, ஐந்தாவது கேள்விக்கு இதுதான் நல்ல பதில்.

கட்டணம் இருக்கிறது. வழக்கமான சூத்திரப்படி 50 சென்ட் ஒப்பந்தம் நூறு வாங்கினால் 1.75 டாலர், போட்ட 50 டாலரில் 3.5 சதவீதம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி தனி. எதிர்ப்பக்கம் இருப்பது உங்களைப் போன்ற ரசிகர் என்று நினைக்க வேண்டாம். பல நேரம் கணினியை வைத்து விலை போடும் பெரிய நிறுவனம். திரை பங்குச் சந்தை மாதிரி இருப்பதால் "முதலீடு செய்கிறேன்" என்று வீட்டில் சொல்லிக்கொள்ளத் தோன்றும். அந்தச் சொல்தான் இதன் மறைமுகச் செலவு. நெவாடா, நியூ ஜெர்சி, மேரிலாந்து உள்ளிட்ட மாநிலங்களோடு வழக்குகளும் போயிருக்கின்றன, ஆகவே இங்கேயும் தரை முழுக்கக் கெட்டி இல்லை.

## காசில்லாக் கணிப்பு

ஈஎஸ்பிஎன் போன்றவை நடத்தும் இலவச பிக்கெம் (யார் ஜெயிப்பார் என்று தேர்ந்தெடுக்கும் போட்டி), அல்லது வாட்ஸ்அப் குழுவில் ஓர் எக்செல் தாள். தோற்றவர் பிரியாணி. எங்கள் குழுவில் ஒன்பது பேர். 2024 ஜூனில் கிராண்ட் பிரெய்ரியில் சூப்பர் ஓவரில் அமெரிக்கா பாகிஸ்தானை வீழ்த்தும் என்று எழுதிய ஒரே ஆள் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். குறை ஒன்றுதான்: எக்செல் தாளைப் பராமரிக்க ஆள் கிடைப்பதில்லை.

## ஒரே பார்வையில்

| | ஸ்வீப்ஸ்டேக்ஸ் | ஸ்போர்ட்ஸ்புக் | கணிப்புச் சந்தை | இலவசம் |
|---|---|---|---|---|
| காசு எடுப்பது | 50 அல்லது 100 காயின் சேர வேண்டும் | எளிது | எளிது | பிரியாணி |
| கடைக்காரர் பங்கு | மேற்படி உதாரணத்தில் 6.5% | 4.5%, பார்லேயில் பல மடங்கு | 50 சென்ட் ஒப்பந்தத்தில் கட்டணம் 3.5%, விலை இடைவெளி தனி | இல்லை |
| புகார் செய்ய | விதிமுறைப் பக்கம் | மாநில ஆணையம் | கூட்டாட்சி ஆணையம் | குழு அட்மின் |
| ஸ்லாட்டுக்குச் சுவர் | இல்லை | மாநிலத்தைப் பொறுத்தது | உண்டு | உண்டு |
| டெக்சஸில் | ஓடுகிறது | இல்லை | ஓடுகிறது | தாராளமாக |

## வரியும் விசாவும்

ஸ்வீப்ஸ்டேக்ஸ் பரிசானாலும் ஸ்போர்ட்ஸ்புக் லாபமானாலும் அது வருமானம். படிவம் வீட்டுக்கு வரவில்லை என்பதற்காக வரி இல்லை என்று ஆகாது. சூதாட்ட நட்டத்தைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டும் முறையில் கணக்குப் போட வேண்டும். சம்பளக்காரர்களில் பெரும்பாலோர் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுப்பவர்கள். அவர்களுக்கு லாபம் முழுக்க வரிக்குள், நட்டம் முழுக்கக் கைக்குள். 2026 முதல் தனித்தனியாகக் காட்டினாலும் நட்டத்தில் 90 சதவீதம்தான் கழியும். பத்தாயிரம் ஜெயித்துப் பத்தாயிரம் தோற்றவர், ஆயிரத்துக்கு வரி கட்டுவார். எஃப்-1 மாணவர்கள் வரிக்கணக்கில் வெளிநாட்டவராக இருக்கும் ஆண்டுகளில் நட்டத்தைக் கழிக்கவே முடியாது.

குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் சட்டவிரோதமாகச் சூதாடியதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. மாநிலம் தடை செய்த பிறகும் விபிஎன் போட்டு விளையாடுகிறவர்கள் அந்த வரியை ஒருமுறை படித்துவிட்டு விபிஎன் போடட்டும். தளம் கண்டுபிடித்தால் காயினையும் முடக்கிவிடும்.

## யாருக்கு எது

நியூயார்க், நியூ ஜெர்சிக்காரர் மாதம் இருபது டாலர் போய்விட்டாலும் கவலையில்லை என்றால் உரிமம் பெற்ற ஸ்போர்ட்ஸ்புக். ஒற்றை ஆட்டம் மட்டும், பார்லே வேண்டாம், டெபிட் கார்டு, முதல் நாளே செயலியில் டெபாசிட் வரம்பு. டெக்சஸ், கலிஃபோர்னியாவில் இருப்பவருக்குக் காசோடு விளையாடியே ஆக வேண்டும் என்றால் கணிப்புச் சந்தை. போட்ட தொகையைப் பொழுதுபோக்குச் செலவில் எழுதி வைக்கும் பழக்கம் இருக்க வேண்டும். ஸ்வீப்ஸ்டேக்ஸ் தளம் ஓசிக் காயினில் மட்டும் ஆடுகிறவருக்கு, அதுவும் சேர்ந்த அன்றே அடையாளச் சான்றை முடித்துவிட்டு. காசு கட்டி அதில் ஆட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ரம்மியில் ஏற்கனவே கை சுட்டுக்கொண்டவர்கள், இழந்ததைப் பிடிக்க மறுபடி போடும் பழக்கம் உள்ளவர்கள், எக்செல் தாளோடு நிறுத்திக்கொள்ளலாம். கை நிற்கவில்லை என்றால் 1-800-கேம்ப்ளர் (1-800-426-2537) என்ற எண்ணில் ஆள் எடுப்பார்கள்.

இதையெல்லாம் தம்பிக்கு ஒரு மணி நேரம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நேத்தே பத்து டாலர் போட்டுட்டேன்ணா" என்றான். இப்போது அவன் கணக்கில் 41 காயின் இருக்கிறது. எடுக்க 50 வேண்டும்.